பிரஷ்யா பட்டியலில் இல்லை

1

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மார்ச் மாதம் ஒருநாள் எல்லோரும் செம்மஞ்சள் நிறத்தில் உடுத்துவோம். ‘ஹார்மனி டே’ என்று பெயர். பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் ஒற்றுமையாக இருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளும் நாள். போன வருடம் எங்கள் மனேஜர் லினெட் பெரிய உலக வரைபடம் ஒன்று வாங்கிவந்து சாப்பாட்டு மண்டபத்துச் சுவரில் ஒட்டினார். ஒவ்வொருவரும் பிறந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்த வேண்டும். அந்த வேலை என்னிடம் வந்தது. யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கச்சேரியில் காணிப் பகுதியில் கிளார்க்காக இருந்தவன் என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அன்று தொடக்கம் பேப்பர், பேனை சம்பந்தப்பட்ட எதுவும் என் தலையில்தான். மற்றப்படி என் வேலை குளிக்க வார்ப்பது, உடுப்பு மாற்றுவது, சாப்பாடு கொடுப்பது, கதை கேட்பது.

மோல்டா, லெபனான், பிலிப்பைன்ஸ், சிட்னிக்கு மேற்கே உள்ள டுப்போ என்று ஒவ்வொரு அறையாகக் கேட்டுக்கொண்டு ஹெல்காவிடம் வந்தேன். ஹெல்காவுக்கு எண்பத்தொன்பது வயது. மெலிந்த, நிமிர்ந்த உடம்பு. கட்டிலைத் தானே விரிப்பார், நாங்கள் விரித்தால் கலைத்துவிட்டு மறுபடி விரிப்பார். கணினியில் அவர் பிறந்த நாடு ஜேர்மனி என்று இருந்தது. அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். அவர் சொன்ன ஒரு சொல் என் காதில் விழுந்தது. மண்டபத்துக்குப் போய் மொஸ்கோவுக்குப் பக்கத்தில் ஊசியைக் குத்தினேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு, நடப்பதற்கான தள்ளுவண்டியைப் பிடித்தபடி வந்தவர் வரைபடத்தின் முன் நின்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“நான் ரஷ்யா என்று சொல்லவில்லை. பிரஷ்யா என்று சொன்னேன்.”

ஊசியைப் பிடுங்கி, போலந்துக்கும் லித்துவேனியாவுக்கும் நடுவில் கடலோரமாக இருந்த ஒரு சிறு துண்டில் தானே குத்தினார். அந்தத் துண்டை வரைபடத்தில் ரஷ்யாவின் நிறத்தில்தான் அடித்திருந்தார்கள். ஆக, என் பிழையும் முழுப் பிழை இல்லை. அதைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. கணினியிலும் மாற்று என்றார்.

கணினியில் பிறந்த நாட்டைத் தட்டச்சு செய்ய முடியாது. ஒரு பட்டியல் விழும், அதிலிருந்து ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். பிரஷ்யா பட்டியலில் இல்லை. அலுவலகத்தில் கேட்டால், இருக்கிற நாட்டைப் போடு என்றார்கள். திரும்பிப் போய் ஹெல்காவிடம் சொன்னேன். ஜேர்மனி என்றே விட்டுவிடலாமா என்று கேட்டேன்.

“போர் முடிந்து மேற்கு ஜேர்மனிக்கு அகதியாகப் போனோம். அங்கே எங்களைப் போலந்துக்காரிகள் என்று ஏசினார்கள். ஜேர்மனி எங்களை விரும்பவில்லை.”

“பிரஷ்யா விரும்பியதா?”

“இல்லை,” என்றார். “ஆனால் அங்கேதான் பிறந்தேன்.”

2

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தெட்டு வருடமாகச் சிட்னியில் இருக்கிறேன். கிரவீன் என்ற புறநகரில் வீடு. இந்த வயதில் ஒரு புது நாட்டில் ஆசை வரும் என்று நான் நினைக்கவில்லை, அதுவும் இல்லாமற்போன நாட்டில். ஆனால் வந்துவிட்டது. நூலகத்தில் மூன்று தடித்த புத்தகங்கள் கிடைத்தன. வேலை தொடங்குவதற்கு முக்கால் மணித்தியாலம் முந்திப் போய்க் காருக்குள் இருந்து வாசித்தேன்.

முதல் ஆச்சரியம் பெயர். பிரஷ்யர்கள் என்ற ஆதிக்குடி ஒன்று அந்தக் கடலோரத்தில் இருந்தது. அவர்களுக்கு ஜேர்மன் மொழி தெரியாது. சிலுவை போட்ட மேலங்கியோடு குதிரையில் வந்த ஜேர்மன் வீரர்கள் அவர்களை வென்று, கோட்டை கட்டி, தங்கள் ஆட்களைக் குடியேற்றினார்கள். சில நூற்றாண்டில் அந்தக் குடிகளின் மொழியைப் பேச ஒருவரும் மிஞ்சவில்லை. வென்றவர்கள் தோற்றவர்களின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர்தான் பிறகு ஐரோப்பாவையே நடுங்க வைத்தது.

மணல் நிலம், நல்ல விளைச்சல் இல்லை. அந்த நாட்டை அரசர்கள் இராணுவத்தாலும் கணக்கப்பிள்ளைகளாலும் தூக்கி நிறுத்தினார்கள். ஒரு அரசருக்கு உயரமான சிப்பாய்களைச் சேர்ப்பதில் பைத்தியம். அவருடைய மகன் போர்க்களம் போகாத நேரத்தில் புல்லாங்குழல் வாசித்தார், குடியானவர்களை உருளைக்கிழங்கு நடச் சொல்லி உத்தரவு போட்டார். எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகவேண்டும் என்று பல நாடுகளுக்கு முந்தியே சட்டம் எழுதியதும் அவர்கள்தான். பிறகு அந்த நாட்டின் தலைமையில்தான் சிதறிக் கிடந்த ஜேர்மன் அரசுகள் ஒன்றாயின. பிரஷ்ய அரசரே ஜேர்மன் சக்கரவர்த்தியானார்.

காணிக் கந்தோரில் இருந்தவனுக்கு இதெல்லாம் இரண்டாம் பட்சம். நிலம் யாரிடம் இருந்தது என்றுதான் தேடினேன். ‘யுங்கர்’ என்று ஒரு வகுப்பு. பெரும் பண்ணைக்காரர்கள். அவர்களுடைய பிள்ளைகள்தான் இராணுவ அதிகாரிகள், அவர்களே ஊர்ப் பொலிசு, அவர்களே ஊர் நீதிமன்றம். குடியானவர்கள் மண்ணோடு கட்டப்பட்டிருந்தார்கள். நெப்போலியனிடம் தோற்ற பிறகு, ஆயிரத்து எண்ணூற்று ஏழில், அவர்களை விடுதலை செய்து சட்டம் வந்தது. வாசித்து நிமிர்ந்து இருந்தேன். அடுத்த பக்கம் பார்த்தால், விடுதலைக்கு ஈடாகக் குடியானவன் தன் நிலத்தில் ஒரு பங்கைப் பண்ணைக்காரனுக்கே கொடுக்க வேண்டுமாம். பலர் விடுதலையும் பெற்று, நிலமும் இழந்து, அதே பண்ணையில் கூலிக்கு வந்து நின்றார்கள்.

தேர்தலும் இருந்தது. ஆண்கள் எல்லோருக்கும் வாக்கு. ஆனால் கட்டும் வரியை வைத்து மூன்று வகுப்பாகப் பிரித்தார்கள். முதல் வகுப்பில் ஊரின் இரண்டு மூன்று பணக்காரர், மூன்றாம் வகுப்பில் ஊரின் பெரும்பகுதி, இரண்டு வகுப்புக்கும் ஒரே எடை. இரகசிய வாக்கும் இல்லை. எழுந்து நின்று யாருக்கு என்று வாயால் சொல்ல வேண்டும், பண்ணை மேற்பார்வையாளர் பார்த்துக்கொண்டிருப்பார். முதல் உலகப் போர் முடியும்வரை இப்படித்தான் நடந்தது. இதை வாசித்தபோது காரின் கண்ணாடியை லினெட் வந்து தட்டினார். வேலை தொடங்கிப் பத்து நிமிடமாகியிருந்தது.

கடைசியில், ஹிட்லரின் போர் முடிந்த பிறகு, வென்ற நாடுகள் கூடி ஒரு சட்டம் போட்டு பிரஷ்யா என்ற அரசை ஒழித்தன. ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தேழு பெப்ரவரி. பேப்பரில் எழுதி, கையெழுத்துப் போட்டு, ஒரு நாட்டை இல்லாமற் செய்தார்கள். ஹெல்காவின் ஊர்ப்பெயர் அதற்குள் மூன்றாகிவிட்டது. முதலில் பழைய பெயர். அது போதிய அளவு ஜேர்மன் இல்லை என்று ஹிட்லரின் ஆட்கள் ஒரு பெயர் வைத்தார்கள். பிறகு ரஷ்யர்கள் ஒன்று வைத்தார்கள். இப்போது ஊரே இல்லை, வயல் மட்டும் இருக்கிறது என்றார் ஹெல்கா.

3

மே மாதம் யோவாகிம் வந்தார். அவருடைய பெயரையும் ஹெல்காவின் பெயரையும் நான் மாற்றியிருக்கிறேன். அவர் குடும்பப் பெயரை எழுதப்போவதில்லை, பிரபு வம்சத்துப் பெயர்களைப்போல் ‘ஃபொன்’ என்று தொடங்கும் என்பது மட்டும் போதும். தொண்ணூற்று மூன்று வயது. மெல்பேர்னில் இருக்கும் மகன் கொண்டுவந்து சேர்த்தார். உயரமான மனிதர், கை நடுங்கினாலும் கழுத்துப்பட்டி கட்டாமல் அறையைவிட்டு வரமாட்டார். மறதி தொடங்கியிருந்தது. படிவத்தில் பிறந்த இடத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஹெல்காவின் ஊரிலிருந்து முப்பது கிலோமீற்றர்.

எனக்குப் பெரிய காரியம் செய்கிற நினைப்பு. லினெட்டிடம் சொல்லி, இரண்டு பேரையும் ஒரே மேசையில் இருத்தினேன். மேசையில் ஒரு பூச்சாடி கூட வைத்தேன்.

யோவாகிம் எழுந்து, குனிந்து, தன் முழுப்பெயரையும் சொன்னார். ஹெல்காவின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கரண்டியைத் தட்டுக்குப் பக்கத்தில் நேராக வைத்தார். தள்ளுவண்டியைப் பிடித்து எழுந்து, அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்றிலிருந்து மண்டபத்துக்கு வரவில்லை. அறைக்குக் கொண்டுபோன சாப்பாடு பாதிக்கு மேல் திரும்பி வந்தது. மேசையை மாற்றுகிறோம் என்றோம், வேண்டாம் என்றார். மண்டபத்திலேயே அவர் இருக்கிறாரே என்றார். மூன்று கிழமையில் நிறை குறைந்து, காற்சட்டையை ஊசி குத்திக் கட்டவேண்டியதாயிற்று. எண்பத்தொன்பது வயதில் குறைந்த நிறை திரும்பி ஏறுவது கஷ்டம். டொக்டர் லினெட்டைக் கூப்பிட்டுப் பேசினார். லினெட் என்னைக் கூப்பிட்டுப் பேசினார். இரண்டு பேரும் ஒரே நாட்டவர்கள்தானே, ஏன் இப்படி என்று அவருக்கு விளங்கவில்லை.

எனக்கு விளங்கியது. கரண்டியை அவர் நேராக வைத்தபோதே விளங்கிவிட்டது. ஒரே ஊரவர்கள் ஒரே பந்தியில் இருப்பதில்லை என்பதை யாழ்ப்பாணத்தானுக்கு யாரும் புத்தகத்திலிருந்து சொல்லித்தர வேண்டியதில்லை.

4

ஒருநாள் சூப் கோப்பையோடு போய் அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் சூப்பைக் குடிக்கவில்லை, ஆனால் சொன்னார்.

அவருடைய அப்பா ஒரு பண்ணையில் குதிரை லாயத்து ஆள். யோவாகிமின் பண்ணை அல்ல, அதைப்போல் இன்னொன்று. பண்ணை வீட்டில் முப்பது யன்னல். இவர்களுக்குச் செங்கல் வீட்டு வரிசையில் ஒரு அறையும் குசினியும். தாத்தாவின் காலத்தில் வேலையாள் கீழ்ப்படியாவிட்டால் பொலிசு பிடிக்கும் சட்டம் இருந்ததாம். அப்பாவின் காலத்தில் அந்தச் சட்டம் போய்விட்டது, ஆனால் தொப்பியைக் கழற்றும் பழக்கம் போகவில்லை.

நாற்பத்தைந்து ஜனவரி. ரஷ்யப் படை வந்துகொண்டிருந்தது. ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று மாகாணத்தை ஆண்டவர்கள் கடைசிவரை தடை போட்டிருந்தார்கள். அப்பா போர்முனையில். ஒருநாள் காலை பண்ணை வீட்டு அம்மா லாயத்துக்கு வந்து, இன்றைக்குப் புறப்படுகிறோம், நீங்கள் மாடுகளைக் கறந்துவிட்டு வாருங்கள், வண்டிகள் காத்திருக்கும் என்றாராம். ஹெல்காவின் அம்மாவும் மற்றப் பெண்களும் கறந்தார்கள். பால் கட்டினால் மாடு கத்தும், அதை அப்படியே விட்டுப் போக மனம் வராது. கறந்து முடித்து வந்து பார்த்தால் முற்றத்தில் வண்டிச் சில்லுத் தடங்கள்தான் இருந்தன. நல்ல குதிரைகள் எல்லாம் போய்விட்டன.

நடந்தார்கள். எட்டு வயது ஹெல்கா, அம்மா, கைக்குழந்தையாக ஒரு தம்பி. கடலோரத்தில் ஒரு பெரிய நீரேரி உறைந்து கிடந்தது. அதன் மேலால் போனால் மறுகரையில் கப்பல் என்றார்கள். பனிக்கட்டி பிளந்து வண்டிகள் உள்ளே போவதை அவர் பார்த்தார். மேலே விமானம். மறுகரை சேர்ந்து அம்மா போர்வையை விலக்கியபோது தம்பி குளிரில் செத்திருந்தான்.

நானும் ஒரு நீரேரியைக் கடந்து வந்தவன். யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற, கிளாலியில் இரவுப் படகு, தூரத்தில் வேட்டு. அதைச் சொன்னேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கதைதான் என்று சொன்னதாகவும் ஞாபகம். அவர் கேட்டார்:

“உன் அப்பா என்ன வேலை செய்தார்?”

“எங்களுக்குக் காணி இருந்தது. புகையிலை, வெங்காயம்.”

“அதில் யார் வேலை செய்தார்கள்?”

நான் வேலைக்காரர்கள் இருந்தார்கள் என்றேன். அவர் சூப் கோப்பையை எடுத்துக்கொண்டு போ என்று கையைக் காட்டினார்.

5

வீட்டில் சாப்பிடும்போது ஹெல்காவின் கதையைச் சொன்னேன். மனைவி ஜெயந்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ், இப்படியான கதைகள் அவளுக்குப் புதிதல்ல. மகள் ஆரணி பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். வழக்கமாகப் போனைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறவள், அன்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டாள். ஹெல்கா என்னிடம் கேட்ட கேள்வியையும் சொன்னேன்.

“ஸோ, வி வேர் த அதர் கைஸ்?” என்றாள். அப்படியென்றால் பண்ணைக்காரர் பக்கம் நாங்களா என்று.

ஜெயந்தி என்னைப் பார்த்தாள். பிள்ளை கையலம்பப் போன நேரத்தில் மெல்லச் சொன்னாள்: “இஞ்சேருங்கோ, உதுகளைப் பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ. அதுக்குச் சாதியெண்டால் என்னெண்டே தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.”

இருபது வருடமாக எங்கள் வீட்டுக் கொள்கை அதுதான். சொல்லாவிட்டால் அழிந்துவிடும் என்ற நம்பிக்கை. ஆனால் நாங்கள் யார் வீட்டுக் கலியாணத்துக்குப் போவோம், யார் வீட்டில் தேநீரோடு எழும்பிவிடுவோம் என்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டுதானே வளர்ந்தாள். ஆரணி திரும்பி வந்ததும் சொன்னேன். ஜெயந்தி தட்டுகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள்.

தொண்ணூற்றைந்து ஒக்டோபர் கடைசி. இராணுவம் வருகிறதென்று யாழ்ப்பாணமே எழும்பித் தென்மராட்சிக்குப் போன நாள். அப்பா எப்படியோ ஒரு ட்ரக்டர் பிடித்திருந்தார். பின்னால் கொழுவிய பெட்டியில் அரிசி மூட்டை, தையல் மெசின், பாத்திரங்கள், அம்மாவின் சீதன அலுமாரி. எங்கள் தோட்டத்தில் வேலை செய்த வைரவனின் மனைவி வள்ளி படலையடியில் வந்து நின்றார். படலைக்கு உள்ளே வரவில்லை, வருவதில்லை. மகள் ராசாத்தி நிறைமாதக் கர்ப்பிணி. அவளையாவது ஏற்றிக்கொண்டு போங்கோ, நாங்கள் நடக்கிறம் என்று கேட்டார். இடமில்லை என்றார் அம்மா. இடம் இருந்தது. அலுமாரியை இறக்கியிருந்தால் நாலு பேர் இருக்கலாம். அலுமாரியை இறக்காமலே ஒரு பிள்ளைத்தாய்ச்சி அரிசி மூட்டையில் இருந்திருக்கலாம். யாரும் அலுமாரிக்காக இடமில்லை என்று சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். பக்கத்தில் இருக்க முடியாது என்பதுதான் காரணம்.

எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அரசாங்க உத்தியோகத்தன். கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சொல் சொல்லவில்லை.

“வாட் ஹப்பெண்ட் டு ஹர்?” என்று கேட்டாள் ஆரணி.

தெரியாது என்றேன்.

“யூ நெவர் ஆஸ்க்ட்?”

அவள் போனை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போகவில்லை. அப்படிப் போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

6

ஜூன் கடைசியில் யோவாகிமின் ஆங்கிலம் போய்விட்டது. மறதி நோயில் பிந்திக் கற்ற மொழி முந்திப் போகும். எழுபது வருடம் பேசிய ஆங்கிலத்தில் நன்றி மட்டும் மிஞ்சியது. பின்னேரம் நாலு மணியானால் யன்னலுக்கு வருவார். வெளியே கார் நிறுத்துமிடம். அதைப் பார்த்து ஜேர்மன் மொழியில் ஏதோ கத்துவார், கதவை இழுப்பார். ஒரே வசனம்தான், திரும்பத் திரும்ப. தொலைபேசி மொழிபெயர்ப்பாளரை எடுத்துக் காதில் வைத்தால் தட்டிவிடுவார். ஒருநாள் என் சக ஊழியர் ஒருவரின் கையை முறுக்கிவிட்டார். மயக்க மருந்து கொடுப்பது பற்றிப் பேச்சு வந்தது. அதைக் கொடுத்தால் அந்த வயதில் கதிரையைவிட்டு எழும்பமாட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

வந்து மொழிபெயர்க்க முடியுமா என்று ஹெல்காவைக் கேட்டுப் பார் என்றார் லினெட் என்னிடம். நான் மாட்டேன் என்றேன். அந்த வீட்டாருக்கு இன்னொரு தடவை அவர் வேலை செய்ய வேண்டுமா என்று கேட்டேன். நான் லினெட்டுக்கு மாட்டேன் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆனால் ஹெல்காவுக்குக் காது நன்றாகக் கேட்கும். அடுத்த நாள் நாலு மணிக்கு யோவாகிம் கத்தத் தொடங்கியதும் அவருடைய கதவு திறந்தது. தள்ளுவண்டியோடு அறைகளுக்கு நடுவிலுள்ள ஓடைவழியே மெல்ல வந்து, அவருக்கு இரண்டு அடி தள்ளி நின்றார். ஏதோ சொன்னார். யோவாகிம் திரும்பினார். அந்த உச்சரிப்பைக் கேட்ட உடனேயே எப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது போலும். உடம்பு நிமிர்ந்தது. ஒரு சொல்லால் ஹெல்காவைக் கூப்பிட்டார். எங்கள் பக்கத்தில் ‘எடி பெட்டை’ என்பார்களே, அப்படி ஒரு சொல் என்று பிறகு விளங்கிக்கொண்டேன்.

பிறகு அந்த வசனத்தைக் கேட்டார். கார் நிறுத்துமிடத்தைக் காட்டிக் கேட்டார்.

ஹெல்காவின் கை தள்ளுவண்டியின் பிடியை இறுக்கிப் பிடித்திருந்தது. யோவாகிம் மறுபடி கேட்டார், இந்த முறை கத்தாமல். ஹெல்கா ஒரே ஒரு சொல் சொன்னார். அது எனக்கும் தெரிந்த சொல். இல்லை.

யோவாகிம் கதிரையில் இருந்தார். முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சத்தம் போட்டு அழவில்லை. கதவை இழுக்கவும் இல்லை.

அறைக்குத் திரும்பிய பிறகு ஹெல்கா சொன்னார். “நம்முடைய ஆட்கள் எல்லோரும் வண்டியில் ஏறிவிட்டார்களா, என்று கேட்கிறான்.”

யோவாகிம் அந்த நேரம் தன் நினைப்பில் தொண்ணூற்று மூன்று வயதுக்காரர் அல்ல. நாற்பத்தைந்து ஜனவரியில் வண்டிக்குள் ஏற்றி இருத்திய பன்னிரண்டு வயதுப் பையன். யாரிடமோ அன்று கேட்டிருக்கிறான். யாரோ ஓம், ஏறிவிட்டார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும்.

“நீங்கள் ஓம் என்று சொல்லியிருக்கலாமே, அமைதியாகியிருப்பார்,” என்றேன். இந்த வேலையில் நாங்கள் அப்படித்தான் சொல்லப் பழகியிருக்கிறோம்.

“நாங்கள் ஏறவில்லை,” என்றார் ஹெல்கா.

மறுநாள் யோவாகிம் எல்லாவற்றையும் மறந்திருந்தார். நாலு மணிக்கு மறுபடி கேட்டார். ஹெல்கா வந்து மறுபடி இல்லை என்றார். அதற்கு அடுத்த நாளும். கத்துவது நின்றது. மருந்துப் பேச்சும் நின்றது. நாலு மணிக்கு இருவருக்கும் தேநீர் வைத்தோம். தேநீருக்கு வந்த ஹெல்கா ஒரு கேக் துண்டு சாப்பிட்டார். ஒரு கிழமையில் இரவுச் சாப்பாட்டுக்கும் மண்டபத்தில் இருந்தார், அதே மேசையில், அவருக்கு எதிரில். சில நாள் இல்லை என்பதோடு நிறுத்தாமல் நீளமாக ஏதோ சொல்வார். யோவாகிம் கையை மடியில் வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். மாட்டுக் கதையும் நீரேரிக் கதையும் தம்பியின் கதையும்தான் என்று எனக்குப் பின்னர் சொன்னார். தினமும் அவருக்கு அது புதுக் கதை.

தினமும் அதைச் சொல்வது கஷ்டமாக இல்லையா என்று ஹெல்காவிடம் கேட்டேன்.

“எண்பது வருடமாயிற்று. அந்த மாதிரி வீட்டிலிருந்து ஒருவரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை,” என்றார்.

ஆகஸ்ட்டில் யோவாகிம் நித்திரையிலேயே போனார். மெல்பேர்னிலிருந்து வந்த மகன், அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் ஒரு சிநேகிதி கிடைத்தது பெரிய ஆறுதல் என்று ஹெல்காவின் கையைப் பிடித்துச் சொன்னார். ஹெல்கா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

“நாங்கள் சிநேகிதர்கள் இல்லை. அவர் கேட்டார், நான் சொன்னேன்.”

7

அந்த ஞாயிறு ஊரிலிருக்கும் ஒன்றுவிட்ட அண்ணனுக்குப் போன் எடுத்தேன். வள்ளியின் குடும்பம் எங்கே என்று கேட்டேன். “உனக்கென்ன இப்ப அவையளோட கதை?” என்றார். வற்புறுத்தினேன். எங்கள் தோட்டக் காணிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறார்களாம். வைரவன் செத்துப் பல வருடம். ராசாத்தியின் நம்பரை யாரிடமோ வாங்கி மத்தியானத்துக்குப் பிறகு அனுப்பினார்.

எடுத்தேன். ஜெயந்தி சோபாவில் இருந்தாள். ரீவியின் சத்தத்தைக் குறைத்தாள், எழும்பிப் போகவில்லை.

“ஆர் கதைக்கிறது?”

ஊரில் எங்கள் வீட்டுக்கு இருந்த பெயரைச் சொல்லி, விதானையார் வீட்டு மகன், சிட்னியிலிருந்து கதைக்கிறேன் என்றேன். மறுபக்கத்தில் கோழிச் சத்தம் மட்டும் கேட்டது.

“சொல்லுங்கோ,” என்றார் ராசாத்தி. “காணி விசயமோ?”

வெளிநாட்டிலிருந்து எங்களைப் போன்றவர்கள் எடுத்தால் வேறு என்னவாக இருக்கும். இல்லை, காணி இல்லை என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. அந்த இடப்பெயர்வு நாளைப் பற்றிக் கேட்க வேண்டும், எங்கள் ட்ரக்டரில் இடமில்லை என்ற பிறகு நீங்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று தெரியவேண்டும் என்றேன். ஏன் என்று கேட்பார் என எதிர்பார்த்து ஒரு பதில் யோசித்து வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை.

“நான் பாதி மயக்கத்தில கிடந்தனான். நாவற்குழிப் பாலத்துக்கு இஞ்சால என்ன நடந்ததெண்டு எனக்கு வடிவாத் தெரியாது. அம்மாவுக்குத்தான் தெரியும்.”

அம்மா இருக்கிறாவா என்று கேட்டேன்.

“இஞ்சதான் இருக்கிறா. பொறுங்கோ, குடுக்கிறன்.”

வள்ளிக்கு இப்போது எண்பதைத் தாண்டியிருக்கும். மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. நான் தொடங்கினேன். சுகமாக இருக்கிறீங்களோ, நீங்கள் அண்டைக்கு எந்தப் பாதையால போனீங்கள் என்று கேட்டேன். மறுபக்கத்தில் ஒரு குழப்பம். பிறகு போனிலிருந்து விலகிய குரலில் வள்ளி மகளிடம் சொல்வது கேட்டது.

“இந்தா பிள்ளை, உன்னைத்தான் கேக்கினம் போல. நீங்கள் எண்டெல்லே கதைக்கினம்.”

எங்கள் வீட்டில் ஒருவரும் வள்ளியை நீங்கள் என்று சொன்னதில்லை. ஆறு வயதில் நானே ‘வள்ளி, இஞ்ச வா’ என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு அப்போது முப்பது வயதிருக்கும், ஓடி வருவார். நான் கேட்டது வேறு யாரையோ என்று அவர் நினைத்தது சரிதான்.

“இல்லை, உங்களைத்தான்,” என்று போனுக்குள் சொன்னேன். அது அவருக்குக் கேட்டதோ தெரியாது. ராசாத்திதான் சொன்னார்: “இல்லையெணை அம்மா, உன்னைத்தான் கேக்கினம். சொல்லு.”

ஜெயந்தி எழுந்து வந்து என் பக்கத்தில் இருந்தாள். போனில் கதிரை இழுபடும் சத்தம், யாரோ அதில் இருக்கும் சத்தம் கேட்டது. பிறகு வள்ளியின் குரல் வந்தது.

“அண்டைக்கு நல்ல மழை,” என்று தொடங்கினார்.